விழத் தெரிந்தவர்

சென்ற கோடை விடுமுறையில் நம் பங்கின் இளையோருக்கென ஏற்பாடு செய்திருந்த மாலைக் கூட்டம் ஒன்றிற்குச் சொற்பொழிவாளர் கடைசி நேரத்தில் வர இயலாமல் போயிற்று. நாற்காலிகள் போட்டாயிற்று, சுண்டலும் தேநீரும் வந்தாயிற்று, கூடியவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. எனவே, குருமட நாள்கள் தொட்டு நாம் விரும்பிப் பார்த்துவரும் பழைய ஊமைப்படம் ஒன்றை, சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் திரையிட்டோம். 1920-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ‘ஒன் வீக்’ என்னும் இரண்டு ரீல் நகைச்சுவைப் படம் அது. நடித்தவர் பஸ்டர் கீட்டன். எட்வர்டு கிளைன் என்பவரோடு சேர்ந்து அதை இயக்கியவரும் அவரே.

படம் பாதி ஓடியபின்தான், பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒருவரைக் கவனித்தோம். நம் ஆலய மணிக்கூண்டைப் பூசிக் கொடுத்த கொத்தனார் அவர். சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்து ஊரில் ஒரு கட்டட வேலையின்போது இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவர். வலக்கால் இன்றுவரை நேராகவில்லை. படத்திலோ, நாயகன் மாடிக் கதவைத் திறந்துகொண்டு வெறும் காற்றில் காலை வைத்துக் கீழே விழும் காட்சி வரவிருந்தது. நிறுத்திவிடலாமா என்று கைகூடப் போயிற்று. தயங்குவதற்குள் அந்தக் காட்சி வந்துவிட்டது. அறையில் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் அந்தக் கொத்தனார்தாம்.

கூட்டம் கலைந்தபோது அவர் அருகில் வந்து சொன்னார்: “சாமி, அவனுக்கு விழத் தெரியுது. எனக்குத் தெரியாமப் போச்சு.”

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுத முற்படுகிறோம். விழுந்தவனைக் கண்டு சிரிப்பது கொடுமை என்று நம் பாட்டிமார் கற்றுக்கொடுத்தனர். நாமும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு அதையே சொல்கிறோம். அப்படியிருக்க, விழுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கலையை முப்பது ஆண்டுகளாக மனமார நேசித்து வந்திருக்கிறோமே, அது எப்படி என்ற கேள்வி அன்றிரவு நம்மைத் தூங்கவிடவில்லை.

ஊமைப்பட நகைச்சுவை என்றால் நம் நாட்டில் பெரும்பாலோர்க்கு நினைவு வருபவர் சாப்ளின் ஒருவரே. அவர் 1914-இல் படவுலகில் அடியெடுத்து வைத்தது மேக் சென்னட் என்பவரின் கீஸ்டோன் நிறுவனத்தில். 1912-இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் படங்களில் துரத்தல் உண்டு, உதை உண்டு, சேற்றில் விழுதல் உண்டு. விழுபவர் யார், ஏன் விழுந்தார் என்ற கேள்விக்கு அங்கே நேரம் கிடையாது. போலீஸ்காரர் கூட்டம் ஒரு வண்டியில் ஏறும், வண்டி கவிழும், அவ்வளவே. இவற்றை இன்று பார்க்கும்போது பத்து நிமிடத்தில் களைப்பு வந்துவிடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. பாட்டிமார் கண்டித்தது இத்தகைய சிரிப்பைத்தான் என்று தோன்றுகிறது.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. அக்காலத்து மனிதர் சிட்டுக்குருவிபோல் வெடுக்வெடுக்கென்று நடந்தார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். அன்றைய கேமராவைக் கையால் சுழற்றினார்கள். எடுத்த வேகத்தைவிடக் கூடிய வேகத்தில் பின்னாளில் ஓட்டியதால் வந்த மயக்கம் அது. உரிய வேகத்தில் பார்த்தால், நல்ல நடிகரின் உடல் எவ்வளவு நிதானமாக இயங்குகிறது என்பது புலனாகும். அதே வேளையில், வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றிப் படத்தை விரைவுபடுத்திய இடங்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாதவர், ஊமைப்படம் என்றாலே குதியாட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்.

சாப்ளின் இந்தக் கலைக்குக் கொண்டுவந்தது இரக்கம். 1917-இல் வந்த ‘தி இமிகிரன்ட்’ என்ற இரண்டு ரீல் படத்தை எடுத்துக்கொள்வோம். கப்பலில் ஏழைக் குடியேறிகள் நியூயார்க் துறைமுகத்தை நெருங்குகின்றனர். சுதந்திர தேவியின் சிலை தென்படுகிறது. எல்லாரும் ஏக்கத்தோடு பார்க்கின்றனர். உடனே அதிகாரிகள் வந்து, ஆட்டு மந்தையைப் பட்டிக்குள் அடைப்பதுபோல் ஒரு கயிற்றை இழுத்து அவர்களை ஓரமாகத் தள்ளுகின்றனர். சாப்ளின் சிலையை மறுபடி ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார். அந்த ஒரு பார்வையில் ஒரு நூலின் விமர்சனம் அடங்கியிருக்கிறது. பிற்பகுதியில் உணவு விடுதிக் காட்சி: பையிலிருந்த காசு ஓட்டை வழியே நழுவிவிட்டது; பணம் குறைந்த ஒருவனை விடுதியாட்கள் நையப் புடைப்பதை நாயகன் கண்ணாரக் காண்கிறான்; தன் எதிரே பசித்த பெண் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். வயிற்றுப் பசியும் அவமான அச்சமும் சேர்ந்த அந்தச் சில நிமிடங்களில் நாம் சிரிக்கிறோம்; ஆனால் அவன் பக்கத்தில் நின்று சிரிக்கிறோம்.

இத்தனை சிறப்பு இருந்தும், சாப்ளினிடம் நமக்கு ஒரு குறை உண்டு. அவர் விழுந்தவுடன் நம்மைப் பார்க்கிறார். ‘கண்டீர்களா?’ என்று அந்தக் கண்கள் கேட்கின்றன. பின்னாளில் அவர் எடுத்த நெடும் படங்களில் இது மிகுந்துவிட்டது. இரக்கத்தைக் கேட்டு வாங்குவோரிடம் நாம் கொஞ்சம் கை குறுக்கிக் கொடுக்கத்தான் செய்கிறோம். இது நம் கல்நெஞ்சமாகவும் இருக்கலாம். வாசகர் பொறுத்தருள்க.

கீட்டன் விழுந்தபின் நம்மைப் பார்ப்பதே இல்லை. அவர் பார்ப்பது, தம்மை விழச்செய்த பொருளை. பிறகு எழுந்து வேலையைத் தொடர்கிறார்.

‘ஒன் வீக்’ படத்தின் கதை எளியது. ஞாயிற்றுக்கிழமை ஓர் இளைஞனுக்கும் இளம்பெண்ணுக்கும் திருமணம். மணமகளாக நடித்தவர் சிபில் சீலி. மாமா ஒருவர் சீதனமாக ஒரு மனையும், மரப்பெட்டிகளில் அடைத்த ஒரு வீடும் கொடுக்கிறார். பாகம் பாகமாக எண்ணிட்டு வரும் பலகைகளை அச்சிட்ட குறிப்பின்படி பொருத்தினால் வீடு எழும்பிவிடும். இது கற்பனை அன்று. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1908 முதலே இத்தகைய வீடுகளை விலைப்பட்டியல் மூலம் விற்றுவந்தது. ஃபோர்டு மோட்டார் நிறுவனம் 1919-இல் இதைப் பற்றி ‘ஹோம் மேட்’ என்று ஒரு செய்திப்படமும் எடுத்தது. அந்தப் படத்தின் கேலிதான் கீட்டனின் படம். நாள்காட்டித் தாள் ஒவ்வொன்றாகக் கிழிபடக் கதை நகரும் முறையையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணை மணக்க விரும்பி ஏமாந்த ஒருவன், யாரும் காணாதபோது பெட்டிகளின் மேலிருந்த எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். மணமகன் குறிப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சொன்னது சொன்னபடி வீட்டைக் கட்டுகிறான். எழும்பிய வீட்டைப் பார்த்தவுடன் நம் மண்டபத்தில் எழுந்த ஆரவாரம் இன்னும் காதில் ஒலிக்கிறது. கோணல் மாணலான சுவர்கள். இடம் மாறிய ஜன்னல்கள். படியில்லாமல் அந்தரத்தில் திறக்கும் மாடிக் கதவு. கூரையோ, வாங்கியவன் தலைக்குப் பொருந்தாத தொப்பிபோல். அந்த வீட்டிற்கு ஒரு முகம் இருக்கிறது என்று பிள்ளைகளில் ஒருத்தி கூவினாள். உண்மைதான். அதற்கு முன்னால் நிற்கும் கீட்டனின் முகத்தில் அசைவில்லை. அவரைக் ‘கல் முகத்தார்’ என்று அன்றைய பத்திரிகைகள் அழைத்தன. ஆனால் அது உணர்ச்சியற்ற முகம் என்று நினைப்போர் அந்தக் கண்களைப் பார்க்கவில்லை என்றே சொல்வோம். ‘இது தாளில் உள்ளபடிதானே இருக்கிறது?’ என்று அவை கணக்குப் போடுகின்றன.

இதன்பின் நடப்பவை எல்லாம் வீட்டுக்கும் மனிதனுக்குமான வழக்கு. பியானோ ஒன்று வருகிறது. கொண்டுவந்த ஆள் அதை ஒரு தோளில் தலையணையைப்போல் சுமந்து வந்து நாயகனிடம் கொடுக்கிறான். வாங்கியவன் அதன் அடியில் நசுங்குகிறான். ஒரே பொருள் ஒருவருக்கு இலேசு, மற்றவருக்கு மலை. எவ்வளவு சிறிய காட்சி! கூலிக்குச் சுமப்பவரின் திறனை இதைவிட மரியாதையாகச் சொன்ன படம் நம் நினைவில் இல்லை. பின்னர், தரை விரிப்பை ஆணியடித்து முடித்தபின் தன் மேற்சட்டை அதனடியில் மாட்டிக்கொண்டதைக் காண்கிறான். விரிப்பை வெட்டிச் சட்டையை எடுக்கிறான். வெட்டிய துண்டையும் வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்கிறான். ஏழைக் குடும்பத்துத் தாய்மாரின் சிக்கனம் இது. பெண்கள் வரிசையில் அதற்குத்தான் சிரிப்பு அதிகம்.

மணமகள் தொட்டியில் குளிக்கும்போது சோப்பு கைநழுவி வெளியே விழுகிறது. எட்டி எடுக்க வேண்டும். அவள் நம்மை ஒரு பார்வை பார்க்கிறாள். உடனே எங்கிருந்தோ ஒரு கை வந்து கேமராவின் கண்ணைப் பொத்துகிறது. அவள் சோப்பை எடுத்துக்கொண்டு அமர்ந்தபின் கை விலகுகிறது. மண்டபத்தில் முன்வரிசையில் நம் கன்னியர் இருவர் அமர்ந்திருந்தமையால் நமக்குச் சற்று நடுக்கம். அவர்களோ கண்ணீர் வரச் சிரித்தார்கள். நாணத்தையே நகைச்சுவையாக்கி, நாணத்தைக் கெடுக்காமலும் விட்ட அந்தக் கை யாருடையதோ, அது வாழ்க.

வெள்ளிக்கிழமை, 13-ஆம் தேதி, புதுமனை விருந்து. புயல் அடிக்கிறது. வீடு பம்பரமாகச் சுழலத் தொடங்குகிறது. விருந்தினர் கதவு வழியே ஒவ்வொருவராக வீசி எறியப்படுகின்றனர். வெளியே நிற்கும் நாயகன் உள்ளே போக வேண்டும், வாசல் அவனைக் கடந்து ஓடுகிறது, தாவுகிறான், சுவர் அவனைத் தட்டி விடுகிறது, மறுபடி தாவுகிறான். இதற்கென உண்மையிலேயே ஒரு வீட்டைச் சுழல்மேடை மீது கட்டினார்கள். காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டாமல், வீடு முழுவதும் மனிதன் முழுவதும் தெரியும்படி விலகி நின்று படமெடுப்பது கீட்டனின் வழக்கம். இது அழகுக்காக மட்டும் அன்று. தாவுகின்றவரும் அடிபடுகின்றவரும் ஒருவரே, இடையில் மாற்றாள் இல்லை, தந்திரமில்லை என்பதைப் பார்வையாளர் தம் கண்ணால் காண வேண்டும் என்பதே நோக்கம். நம்மைப் பொருத்தமட்டில் இது ஒருவகை நேர்மை. நகைச்சுவையில் பொய் சொன்னால் சிரிப்பு வராது என்பதை அவர் அறிந்திருந்தார். 1928-இல் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ என்ற நெடும் படத்தில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுதாக அவர்மேல் விழ, மாடி ஜன்னலின் திறப்புக்குள் சரியாக நின்று அவர் உயிர் பிழைக்கும் புகழ்பெற்ற காட்சியும் இதே நேர்மையில் எடுத்ததுதான்.

இந்த உடல் எங்கே பயின்றது என்று பார்க்கப் போனால் நம் சிரிப்பு கொஞ்சம் உறைந்துவிடுகிறது. கீட்டன் 1895-இல் கான்சஸ் மாநிலத்தில், ஊர் ஊராகச் செல்லும் மேடைக் கலைஞர் குடும்பத்தில் பிறந்தார். சிறு பிள்ளையாக இருந்தபோதே ‘மூன்று கீட்டன்கள்’ என்ற பெயரில் தாய் தந்தையரோடு மேடையேறினார். நிகழ்ச்சியின் சாரம் இதுதான்: அடங்காத பிள்ளையைத் தந்தை தூக்கி எறிவார். மேடைத் திரைமேல் எறிவார். சில வேளைகளில் இசைக்குழுவினர் இருக்கும் பள்ளத்திலும் எறிவார். தூக்குவதற்கு வாகாகப் பிள்ளையின் சட்டை முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சங்கத்தார் நியூயார்க்கில் இதை எதிர்த்து நடவடிக்கைகள் எடுத்தனர். எறியப்பட்டு எழும் பிள்ளை சிரித்தால் அவையோர் சிரிப்பதில்லை. அது முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டால்தான் சிரிக்கின்றனர். இதை அந்தப் பிள்ளை மிக இளம் வயதிலேயே கண்டுகொண்டது. கல் முகம் பிறந்தது அங்கேதான்.

கீட்டன் பின்னாளில், தமக்கு வலித்ததில்லை, விழும் வித்தையைத் தந்தை கற்றுத் தந்தார் என்றே சொல்லிவந்தார். அதை மறுக்க நாம் யார்? ஆயினும், முப்பது ஆண்டு மேய்ப்புப் பணியில் ‘அப்பா அடிப்பார், ஆனால் நல்லவர்’ என்று சொல்லும் பிள்ளைகள் பலரைக் கண்டிருக்கிறோம். தந்தையின் மதுப்பழக்கம் முற்றி, மேடையில் அவரோடு நிற்பதே ஆபத்தாகிவிட்டதால் 1917-இல் அந்தக் குடும்பக் குழு கலைந்தது என்பதும் வரலாறு. ஒன்றை மட்டும் சொல்வோம். தூக்கி எறியப்பட்ட பிள்ளை வளர்ந்து தானே இயக்குநரானபோது, வேறு யாரையும் தூக்கி எறியச் செய்து பிழைக்கவில்லை. விழுகின்ற வேலையைத் தனக்கே வைத்துக்கொண்டது. 1921-இல் ‘தி எலெக்ட்ரிக் ஹவுஸ்’ படப்பிடிப்பில் நகரும் படிக்கட்டில் சிக்கிக் கணுக்கால் முறிந்தது. மாதக்கணக்கில் வேலை நின்றது. கால் முழுதும் தேறாத நிலையில் ‘தி பிளேஹவுஸ்’ என்ற படத்தை எடுத்தார். அதில் குதியாட்டம் குறைவு. ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லியின் துணையோடு ஒரே படச்சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டி, நாடக அரங்கின் நடிகர், இசைஞர், பார்வையாளர் எல்லாராகவும் கீட்டன் ஒருவரே தோன்றுகிறார்.

பிரெஞ்சு மெய்யியலார் பெர்க்சன் 1900-இல் சிரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குருமடத்தில் நமக்கு அதைப் பாடமாக வைக்கவில்லை. நூலகத்தில் கண்டெடுத்துப் படித்தோம். உயிருள்ள மனிதன் எந்திரம்போல் விறைப்பாக நடந்துகொள்ளும்போது சிரிப்பு பிறக்கிறது, சிரிக்கும் கணத்தில் நெஞ்சு சற்று மரத்துப்போக வேண்டும் என்பது அவர் கருத்து. கீஸ்டோன் படங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். கீட்டனிடம் வந்தால் தடுமாறுகிறது. ‘ஒன் வீக்’ படத்தில் விறைப்பாக இருப்பது மனிதன் அல்லன். பெட்டியும் எண்ணும் அச்சிட்ட தாளும். மனிதனோ நீர்போல் நெளிந்து, அவை போட்ட வடிவத்துக்கெல்லாம் தன்னை ஒப்புக்கொடுக்கிறான். நெஞ்சு மரத்துப்போகும் கதையும் அப்படியே. சாரத்திலிருந்து விழுந்த ஒரு மனிதர் பின்வரிசையில் உரக்கச் சிரித்தபோது அவர் நெஞ்சு மரத்திருந்தது என்று யார் சொல்வார்? தம் வாழ்வில் பிழையாகிப் போன ஒன்று திரையில் சரியாகச் செய்யப்படுவதை அவர் கண்டார். ஒரு தச்சர் நல்ல மேசையைத் தடவிப் பார்த்து மகிழ்வதுபோல் அவர் மகிழ்ந்தார் என்றே நினைக்கிறோம்.

கீட்டன் 1920 முதல் 1923 வரை இத்தகைய குறும்படங்கள் 19 எடுத்தார். எல்லாம் ஒரே தரம் அல்ல. சிலவற்றில் கறுப்பின மக்களையும் அமெரிக்கப் பழங்குடியினரையும் காட்டும் விதம் இன்று நம் முகத்தைச் சுளிக்க வைக்கிறது. முகத்தில் கரி பூசிக்கொண்டு நடிக்கும் அக்காலக் கேலி ‘தி பிளேஹவுஸ்’ படத்திலேயே வருகிறது. காலத்தின் வழக்கம் என்று சொல்லி மன்னிக்க நாம் தயாரில்லை. விழுந்தவன் பக்கம் நிற்கத் தெரிந்த கலைஞர், விழுத்தப்பட்ட இனங்களின் பக்கம் நிற்கத் தவறினார். இளையோருக்குக் காட்டும்போது இதை முன்னரே சொல்லிவிட்டுக் காட்டுவது நல்லது.

கத்தோலிக்கரும் அவர் கேலிக்குத் தப்பவில்லை. 1922-இல் வந்த ‘மை ஒய்ஃப்ஸ் ரிலேஷன்ஸ்’ படத்தில், தவறுதலாக ஓர் அயர்லாந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு மாலையிட்டுச் சிக்கிக்கொள்கிறான் நாயகன். சாப்பாட்டு மேசையில் தடியன்களான மைத்துனர்கள் இறைச்சித் துண்டுகளை எல்லாம் வாரிக்கொள்ள, இவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சுவரிலிருக்கும் நாள்காட்டியைச் சத்தமில்லாமல் வெள்ளிக்கிழமைக்கு மாற்றி வைக்கிறான். வெள்ளியன்று இறைச்சி விலக்கும் ஒறுத்தல் கட்டாயமாயிருந்த காலம் அது. பக்தியுள்ள மைத்துனர்கள் பதறிப்போய் இறைச்சியைத் திருப்பி வைக்கின்றனர். இவன் வயிறார உண்கிறான். இதற்காக நாம் கோபிக்கவில்லை. ஒருவரையொருவர் முட்டித் தள்ளிப் பறித்துண்பதில் உறுத்தாத மனச்சாட்சி, நாள்காட்டியைக் கண்டவுடன் உறுத்துகிறதே, அந்தக் கேலி நியாயமானதுதான். நம் பங்குகளிலும் அந்த மைத்துனர்களுக்குப் பஞ்சமில்லை.

இக்குறும்படங்களில் இருண்டது, அதே 1922-இல் வந்த ‘காப்ஸ்’. படத்தின் முதற்காட்சியில் நாயகன் இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் நிற்கிறான். சிறைதான் என்று நினைக்கிறோம். கேமரா விலகியதும் அது காதலியின் வீட்டு வாயிற்கதவு என்று தெரிகிறது. பெரிய வணிகனாகி வந்தால்தான் மணப்பேன் என்கிறாள் அவள். அவன் புறப்படுகிறான். ஓர் ஏமாற்றுக்காரன் யாருடையவோ வீட்டுச் சாமான்களைத் தன்னுடையவை என்று சொல்லி அவன் தலையில் கட்டுகிறான். அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தெரியாத்தனமாகக் காவல்துறையின் அணிவகுப்புக்குள் நுழைகிறான். எவனோ வீசிய வெடிகுண்டு அவன் வண்டியில் விழுகிறது. எரிகிற திரியில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு குண்டை அப்பால் எறிகிறான். குண்டு வெடிக்கிறது. நகரத்துக் காவலர் அத்தனை பேரும் ஒற்றை மனிதனைத் துரத்துகின்றனர். கறுப்பு வெள்ளம்போல் தெரு நிறைய வரும் அந்தச் சீருடைக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கும்போதே வயிற்றில் ஏதோ செய்கிறது.

இந்தப் படம் வந்த காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கீட்டனைத் திரையுலகுக்கு அழைத்து வந்த நண்பர் ரோஸ்கோ ஆர்பக்கிள் மீது, நடிகை வெர்ஜீனியா ராப்பேயின் மரணம் தொடர்பாக 1921 செப்டம்பரில் வழக்குப் பதிவாயிற்று. பத்திரிகைகள் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிட்டன. இரு விசாரணைகளில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1922 ஏப்ரல் 12 அன்று மூன்றாம் விசாரணையில் அவர் விடுதலையானார்; அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதாக நடுவர்கள் எழுத்து மூலமாகவே தெரிவித்தனர். ஆறு நாள் கழித்துத் திரைத்துறைக் கண்காணிப்புத் தலைவர் வில் ஹேய்ஸ் அவர் படங்களுக்குத் தடை விதித்தார். அந்த ஆண்டின் இறுதியில் தடை நீங்கிய பின்னரும் அந்த மனிதருக்குப் பழைய வாழ்வு திரும்பவில்லை. ‘காப்ஸ்’ நண்பரைப் பற்றிய உருவகம் என்று நாம் வற்புறுத்தமாட்டோம். குற்றமற்றவன் ஒருவன் தான் அறியாமலே குற்றவாளியாகி ஊர் முழுக்கத் துரத்தப்படும் கதையை, அந்த மாதங்களில் அந்த நண்பர் எடுத்தார் என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

முடிவு எப்படி? துரத்தி வந்த காவலர் எல்லாரும் காவல் நிலையத்துக்குள் பாய்கின்றனர். நாயகன் காவலர் உடையில் வெளியே நழுவி, கதவைப் பூட்டிச் சாவியைக் குப்பைத்தொட்டியில் போடுகிறான். வென்றுவிட்டான். அப்போது காதலி அவ்வழியே வருகிறாள். அவனைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அவன் ஒரு கணம் நிற்கிறான். குப்பைத்தொட்டியிலிருந்து சாவியை எடுத்து, தானே கதவைத் திறக்கிறான். பல கைகள் அவனை உள்ளே இழுக்கின்றன. ‘முற்றும்’ என்ற சொல் ஒரு கல்லறைக் கல்லின் மேல் எழுதியிருக்கிறது. அதன்மேல் அவனுடைய தட்டைத் தொப்பி சாய்ந்து கிடக்கிறது. நகைச்சுவைப் படத்துக்கு இப்படி ஒரு முடிவு வைக்கத் துணிச்சல் வேண்டும். சாப்ளினாக இருந்தால் அந்தப் பெண்ணின் முகத்தையும் நாயகனின் முகத்தையும் அருகில் காட்டி நம்மை அழவைத்திருப்பார். கீட்டன் தொப்பியை மட்டும் காட்டுகிறார். எது உயர்ந்தது என்று கேட்டால், அழுத கண்ணீர் மறுநாள் காய்ந்துவிடுகிறது, அந்தத் தொப்பி நம்மை விட்டுப் போகவில்லை என்போம்.

மீண்டும் ‘ஒன் வீக்’. சனிக்கிழமை ஒருவர் வந்து, நீங்கள் கட்டியது தவறான மனையில், உங்கள் மனை இருப்புப்பாதைக்கு அப்பால் இருக்கிறது என்கிறார். வீட்டை உருளைகள்மேல் ஏற்றிக் காரில் கட்டி இழுக்கிறார்கள். சரியாகத் தண்டவாளத்தின்மேல் வீடு சிக்கிக்கொள்கிறது. ரயில் வருகிறது. கணவனும் மனைவியும் தள்ளித் தள்ளிப் பார்த்து, முடியாமல் விலகி நின்று கண்ணை மூடிக்கொள்கின்றனர். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. நம் மண்டபத்தில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அந்த மூச்சு அடங்குமுன் எதிர்த்திசையிலிருந்து வேறொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்கிவிட்டுப் போயிற்று. சிரிப்புக்கு நடுவே ஒரு மூதாட்டி “ஐயோ, பாவி!” என்று கத்தியேவிட்டார். படத்திலிருந்தவனோ இடிபாட்டின்மேல் ‘விற்பனைக்கு’ என்ற அட்டையை வைக்கிறான். சற்று யோசித்து, கட்டும் முறை அச்சிட்ட தாளையும் அதனோடு சேர்த்து வைக்கிறான். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறான்.

அந்தத் தாளைப் பற்றித்தான் நம் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வஞ்சனையாகவா வைத்தான், நல்லெண்ணத்திலா? அடுத்து வாங்குபவருக்கு உதவட்டும் என்று வைத்திருந்தால், அந்தத் தாள் சரியானது என்று அவன் இன்னும் நம்புகிறான் என்றாகிறது. தாள் சரியானதுதான், தவறு பெட்டியின் மேலிருந்த எண்ணில். அது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

இதை எல்லாம் நாம் யோசித்துக்கொண்டு நாற்காலிகளை மடக்கும் பிள்ளைகளை வேலை ஏவிக்கொண்டிருந்தபோது, கொத்தனார் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். “அந்த நம்பரை மாத்துனவனை என்ன செஞ்சாங்க, சாமி?” என்று கேட்டார்.

படம் அவனைக் கூண்டில் ஏற்றவில்லை, ஊரார் முன் நிறுத்தவில்லை என்று சொன்னோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் விழுந்த நாளில், சாரத்தில் கட்டியிருந்த நல்ல கயிற்றை யாரோ அவிழ்த்து வேறு வேலைக்குக் கொண்டுபோய்விட்டு, பழைய கயிறு ஒன்றைக் கட்டிவைத்திருந்தார்களாம். ஒப்பந்ததாரர் மருத்துவச் செலவில் ஒரு பகுதியைக் கொடுத்தாராம். யார் கயிற்றை மாற்றியது என்று யாரும் கேட்கவில்லையாம். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் நம்மிடம் சொன்னது அன்றுதான். நாமும் அதுவரை, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறோமே தவிர, கயிறு எப்படி இருந்தது என்று கேட்டதில்லை.

பிறகு அவர், படத்தில் ஓர் இடத்தை மட்டும் மறுபடி போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார். ரயில் மோதும் இடமாக இருக்கும் என்று நினைத்து அங்கே கொண்டுபோனோம். அது வேண்டாம் என்றார். பெட்டியின்மேல் எண்ணை மாற்றி எழுதும் இடம்தான் வேண்டும் என்றார். மடக்கிய நாற்காலி ஒன்றை மறுபடி விரித்து, காலை நீட்டி அமர்ந்துகொண்டு, அதை இரண்டு முறை பார்த்தார்.